கசக்கிய தாள்கள்



மழை விடாத ஒரு சனிக்கிழமை, எங்கள் வாடகை வீட்டுக் குப்பைக் கூடையில் மகளின் ஓவியத் தாள்கள் எட்டு கசங்கிக் கிடந்தன. பள்ளிப் போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. "இனி நான் வரையமாட்டேன், அம்மா" என்றாள். ஆறுதல் கூறினேன், செவிகொடுக்கவில்லை.

அடுத்த வாரம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள கே.சி.எஸ். பணிக்கர் காட்சிக்கூடத்திற்கு அவளை அழைத்துச் சென்றேன். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராய் விளங்கியவர் பணிக்கர். 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில், வாசிக்க இயலாத எழுத்துகளும் கட்டங்களும் உருவங்களும் ஒரே பரப்பில் நெருங்கி நிற்கின்றன. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கமே இவ்வழியை அவருக்குக் காட்டியதாம். "என் ரஃப் நோட்டைப் போல இருக்கிறதே!" என்றாள் மகள். நெடுநாளைக்குப் பின் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

திரும்பும் வழியில் லீ கிராஸ்னர் என்னும் அமெரிக்க ஓவியரைப் பற்றிக் கூறினேன். 1951இல் நியூயார்க்கில் அவர் வைத்த கண்காட்சியில் ஒரு படமும் விலைபோகவில்லை. பின்பு 1953 அளவில், தம் அறைச் சுவரெங்கும் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களை வெறுத்து, கிழித்துத் தரையில் எறிந்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார். சில வாரங்கள் கழித்து வந்தவரை அந்தத் துண்டுகளே கவர்ந்தன. விலைபோகாத பழைய ஓவியங்களின் மேலேயே அவற்றை ஒட்டினார். 1955இல் ஸ்டேபிள் காலரியில் வைக்கப்பட்ட அந்தப் படைப்புகள் பாராட்டப்பட்டன.

வீட்டில் இதற்குச் செலவு அதிகமில்லை. பழைய டைரி ஒன்று போதும். இரண்டிரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டினால் தாள் தாங்கும். கத்தரியைவிடக் கையால் கிழிப்பதே அழகு. ஓரத்தில் வெள்ளை இழை தெரியும். ஃபெவிக்காலில் சிறிது நீர் கலந்து, துண்டின் பின்புறம் தடவுங்கள். மெழுகுக் கிரேயான் பூசிய பக்கத்தில் பசை பிடிக்காது. ஒட்டியபின் மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான புத்தகங்களை ஓர் இரவு வைக்கவேண்டும். நம் ஊர் மழைக்காலத்தில் இரண்டு இரவுகள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாய்ப் பூசினால், பழைய படம் பாதி மறைந்து பாதி தெரியும். அதன்மேல் எழுதலாம், வரையலாம்.

ஒன்று மாத்திரம்: பிள்ளையின் படத்தை நீங்கள் கிழிக்காதீர்கள். அது அவர்களுடைய உரிமை.

எட்டில் ஏழு தாள்களை என் மகள் கிழித்தாள். ஊரிலிருக்கும் ஆச்சியை வரைந்த தாளை மட்டும் தொடவில்லை. முகம் சரியாய் அமையவில்லையென்று அழுத படம் அது. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் சென்றபின் ஒருநாள் மாலை, அதில் ஆச்சியின் கைகளை மட்டும் மெதுவாய்க் கிழித்தெடுத்து டைரியில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, ஆச்சி உங்களுக்கு எழுதிய பழைய கடிதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.