தேடாத கண்ணுக்குத் தொன்மை தெரியுமா?



"சான்று இல்லை" என்பது ஒன்று. "தேடவில்லை" என்பது வேறொன்று. முன்னதைச் சொல்ல உழைப்பு வேண்டும்; பின்னதை ஒப்ப நேர்மை வேண்டும். நம் தொன்மையை இருந்த இடத்திலிருந்தே மறுப்போர்க்கு இவ்விரண்டும் இல்லை.

கிரேக்கத்தின் கிரீட்டுத் தீவைப் பாருங்கள். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் வந்த உழவரே அங்கு முதற்குடிகள் என்று நெடுங்காலம் நூல்கள் அடித்துக் கூறின. 2008, 2009ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் தாமசு சுட்ராசரும் கர்ட்டிசு இரன்னல்சும், கிரேக்க அறிஞரோடு கூடி, முன்கணிப்பு முறையால் அங்குத் தேடினர். கிரேக்கத்தின் பிற பகுதிகளில் இடைக்கற்கால மாந்தர் எவ்விடங்களை விரும்பினர் என்று முதலில் தொகுத்தனர்: மலைமுழை, நன்னீர், சதுப்பு, அருகே கடல். பனியூழிக்குப் பின் கடல் உயர்ந்து பழங்கரைகள் மூழ்கின. ஆயினும் கடலடி செங்குத்தாய்ச் சரியுமிடத்தில் பழங்கரை இன்றைய கரையை ஒட்டியே இருந்திருக்கும். இக்கூறுகள் ஒருங்கே அமைந்த தென்கரைப் பிளாக்கியாசுப் பகுதியைத் தேர்ந்துகொண்டு கால்நடையாய்த் தேடினர்.

கணிப்பு பொய்க்கவில்லை. இடைக்கற்காலக் கருவிகள் கிடைத்தன. எதிர்பாராவகையில் வெங்கச்சங்கல்லால் ஆன பழங்கற்காலக் கைக்கோடரிகளும் கிடைத்தன. அவை குறைந்தது 1,30,000 ஆண்டுப் பழைமையின என்பது அவர்தம் முடிவு. கிரீட்டோ ஐம்பது இலக்கம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவு! முடிவு சரியெனின், அக்கல்லைச் செதுக்கியோர் கடல் கடந்தவராதல் வேண்டும். நிலத்தின்மேல் கிடைத்தவை என்னும் கரணியத்தால் அக்காலக்கணிப்பை ஐயுறுவோரும் உளர். ஐயம் நன்றே, அது மேலும் தோண்டத் தூண்டும்.

இனி நம் கரைக்கு வருவோம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது; தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாயிருந்தன. நெல்லை, தூத்துக்குடித் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றிச் சொய்னரும் ஆல்ச்சினும் 1956இலேயே எழுதினர். அக்கருவிகளைச் செய்தோரின் முன்னோர் உலவிய கரை இன்று கடலடியில் அன்றோ கிடக்கும்? பொருநை, வையையின் பழைய முகங்களையும், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த கடலடியின் ஏற்றத்தாழ்வையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து, வாய்ப்புள்ள இடங்களைக் கணித்து, அரசு ஆங்கே மூழ்கித் தேடுக!

குமரிநாடென்று மேடையில் முழங்குவோரும் கேட்க: முழக்கம் சான்றாகாது. எங்கே தேடவேண்டுமெனக் குறித்துச் சொல்வதும், கணிப்பு பிழைத்தால் பிழைத்ததென ஒப்புவதுமே அறிவு. அவ்வாய்வுக்கு அஞ்சுவோன் தமிழின் தொன்மையை உண்மையில் நம்பாதவன்.

மறுப்போரே, போற்றுவோரே, முதலில் தேடுக! பின்னர்ப் பேசுக!