மீடியனில் நிற்கும் பாட்டிக்குப் பதினேழு விநாடி

மாலை ஆறரை மணி. குரோம்பேட்டை, ஜி.எஸ்.டி. சாலை. எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி மீடியன் கல்லை ஒட்டி நிற்கிறார். ஒரு கையில் காய்கறிப் பை. பாதி சாலையைக் கடந்தாயிற்று, மீதிப் பாதி பாக்கி. எதிர்ப்பக்கம் பூ விற்பவர் குரல் கொடுக்கிறார்.

"பெரியம்மா, வண்டி தூரத்துலதான் இருக்கு, ஓடி வந்துடுங்க!"

"ஓடுற வயசாப்பா எனக்கு?"

பாட்டி இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டியபடி இறங்குகிறார். சென்னைப் புறநகரில் உண்மையான ஜீப்ரா கிராஸிங் சாலையில் போட்ட வெள்ளைக் கோடு இல்லை, இந்த உயர்த்திய கைதான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இதே காட்சி எத்தனையோ முறை கண்ணில் படும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், அதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் நான்கு லேன் என்றால் சுமார் 14 மீட்டர் அகலம். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார், பன்னிரண்டு விநாடியில் கடந்துவிடுவார். முட்டிவலி உள்ள பாட்டியின் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். அவருக்குப் பதினேழு விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த நேரத்தில் ஏறக்குறைய 290 மீட்டர் ஓடிவிடும்.

அதாவது, பாட்டி காலை எடுத்து வைக்கும்போது கால் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கார்கூட, அவர் கரை சேர்வதற்குள் அவர்மேல் வந்துவிட முடியும். அந்தத் தூரத்தில் அது கார் அல்ல, இரண்டு விளக்குப் புள்ளிகள். நேர் எதிரே வரும் விளக்கு எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது இளவயதுக் கண்ணுக்கே கஷ்டம். எனவே, 'பார்த்து வரக் கூடாதா?' என்று கண்ணாடியை இறக்கிக் கத்துவதில் அர்த்தமில்லை. பாட்டி பார்த்துத்தான் இறங்கினார். சாலைதான் அவருடைய கண்ணுக்கும் காலுக்கும் எட்டாத கணக்கில் ஓடுகிறது.

அவர் ஏன் அங்கே கடக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. குரோம்பேட்டை, சானடோரியம் பக்கம் ஊரின் அமைப்பே அப்படி. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் ஒட்டி ஒட்டி ஓடி, ஊரை இரண்டாக வகிர்கின்றன. வீடு ஒரு பக்கம், வேலை மறு பக்கம். சானடோரியத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்குபவர் மெப்ஸ் வளாகத்துக்கோ, நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ, தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போக வேண்டுமென்றால் சாலையைத் தாண்டியாக வேண்டும். மருத்துவமனைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் படியேறி இறங்கும் நிலையில் இருப்பார்கள்? 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், மூட்டை முடிச்சோடும் தூங்கும் குழந்தையோடும் இதே சாலையோரம் நிற்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் சேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஊர் மாநகரமாகிவிட்டது. ஆனால் அதன் நடுவே போகும் சாலையை ஓட்டுநர்கள் இன்னும் ஊருக்கு வெளியே போகும் ஹைவேயாகவே நினைத்து ஓட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு சொந்த ஊருக்குக் கிளம்பும் கார்களைக் கேட்கவே வேண்டாம்.

இங்கே வேகத்தைப் பற்றி ஒரு விஷயம். காரோட்டும் பலருக்கு, 30-ல் போனால் ஒரு பங்கு ஆபத்து, 60-ல் போனால் இரண்டு பங்கு என்று ஒரு மனக்கணக்கு இருக்கிறது. அது தவறு. திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால், கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சாலை, நல்ல டயர். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மொத்தம் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். 60-ல் வரும் கார் அந்த ஒன்றரை விநாடியிலேயே 25 மீட்டர் போய்விடும், பிறகுதான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். முழுதாக நிற்க 45 மீட்டர். முதல் கார் நின்றுவிடும் இடத்தில், இரண்டாவது காரை ஓட்டுபவரின் கால் பிரேக்கைத் தொட்டிருக்கவே இல்லை. முழு வேகத்தில் மோதும்.

ராத்திரியில் இது இன்னும் மோசம். லோ பீம் விளக்கில், கறுப்புச் சட்டை போட்டவர் முப்பது நாற்பது மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்குப் படுவார். 60-ல் போனால் 45 மீட்டர் வேண்டும். பார்த்தபின் நிறுத்த முடியாது என்பது கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது. நடப்பவர்களும் சைக்கிள்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடிய சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொன்னது இதனால்தான்.

அடுத்து, பஸ் ஸ்டாப். நின்றிருக்கும் மாநகரப் பேருந்தைத் தாண்டும் கார்களும் பைக்குகளும் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டித்தான் தாண்டுகின்றன. பஸ் கிளம்புவதற்குள் முந்திவிட வேண்டும் என்ற அவசரம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் ஒருவராவது அதன் மூக்குக்கு முன்னால் வந்து சாலையைக் கடப்பார். பஸ் அவரை மறைக்கிறது, அவருக்கு வரும் வண்டியையும் மறைக்கிறது. அனுபவப்பட்ட டாக்ஸி ஓட்டுநர்கள் ஒரு வேலை செய்வார்கள்: பஸ்ஸின் அடிப்பக்கம் தெரியும் இடைவெளியைத் தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கால்கள் நகர்ந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். ஹாரன் அடிப்பதைவிட இது நல்ல பழக்கம். பக்கத்து லேனில் ஒரு வண்டி காரணமில்லாமல் நின்றாலும் இதே கதைதான். அவர் நிற்பது யாரையோ கடக்கவிடத்தான். அவரைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தால், பாய்வது அந்த யாரோ மேல்.

சைக்கிள்காரர்கள் பாடு வேறு. காலையில் பேப்பர் போடுபவர், கட்டட வேலைக்குப் போகும் வெளிமாநிலத் தொழிலாளி, அரசு கொடுத்த இலவச சைக்கிளில் சேலையூர், செம்பாக்கம் பக்கம் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள். இவர்களில் பலருடைய சைக்கிளில் பின்விளக்கு இருக்காது. பின்னால் நெருங்கி வந்து ஓங்கி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கம் ஹேண்டில்பாரும் கொஞ்சம் சாயும். விலகச் சொல்லி அடித்த ஹாரன், அவரை வண்டியின் பாதைக்குள்ளேயே இழுத்துவிடுகிறது. பிரிட்டனில் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். வேளச்சேரி சாலையில் ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். இடைவெளி இல்லையென்றால் தாண்டக் கூடாது, பின்னாலேயே போக வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில். அதுவும் நம்மூரில் குழியைக் கண்டால் சைக்கிள் சட்டென்று வளையும். முன்னால் இருக்கும் குழியை ஓட்டுநரும் பார்த்து வைத்துக்கொண்டால், சைக்கிள் அடுத்து எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

கார்க் கதவும் ஓர் ஆயுதம்தான். நெதர்லாந்தில் சொல்லிக்கொடுக்கும் எளிய வித்தை ஒன்று உண்டு: கதவுக்குத் தூரமாக இருக்கும் கையால் கதவைத் திறப்பது. நம் காரில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் இடது கையால் திறக்க வேண்டும். இடப்பக்கம் இறங்கும் பயணி வலது கையால். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்னால் பார்த்துவிடும். குழந்தைகளுக்கு ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களுக்கு அவர்களே ஞாபகப்படுத்துவார்கள்.

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 23 வயது இளம்பெண் மீது மீடியனில் கட்டியிருந்த பேனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் கலாசாரம் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதும்தான். ஆனால் ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு அதில் இன்னொரு சேதியும் உண்டு. இரு சக்கர வண்டி எந்த நேரமும் விழக்கூடியது. பேனரே வேண்டாம், கொட்டிக்கிடக்கும் ஜல்லி போதும், ஒரு தெருநாய் போதும். அது விழுந்தாலும் நிறுத்த முடிகிற தூரத்தில்தான் பின்னால் போக வேண்டும். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் பன்னிரண்டு டன் எடை. கார் நிற்கும் இடத்தில் அது நிற்காது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாமல் உள்வாங்கி வெட்டும் என்பதையும், அந்தப் பக்கம் ஒட்டி நிற்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பதையும் ஸ்கூட்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிவைப்பது நல்லது.

அதற்கும் ஏழு ஆண்டுகளுக்கு முன், 2012 ஜூலையில், முடிச்சூர் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து இறந்தாள் ஒரு சிறுமி. தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தது அந்த மரணத்துக்குப் பிறகுதான். வண்டியில் உதவியாளர் கட்டாயம் என்பதும், ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் நடக்கும் ஆய்வும் இன்று எல்லோருக்கும் பழகிப்போன நடைமுறைகள். ஆனால் வாசலில் மஞ்சள் பேருந்து நிற்கும்போது அதை ஒட்டிப் பாயும் அப்பாக்களின் பைக்குகளுக்கு ஆய்வு செய்ய யாரும் இல்லை. வீட்டு வாசலும் விதிவிலக்கு இல்லை. உயரமான எஸ்.யூ.வி.க்கு நேர் முன்னால் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. மேடவாக்கம் பக்கத்து அபார்ட்மென்ட் பார்க்கிங்குகளில் சாவி போடுவதற்கு முன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தால், அதற்கு ஆகும் நேரம் பத்து விநாடி.

சட்டம் யார் பக்கம்? 2017-ன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வண்டி ஓட்டுபவர் தனிக் கவனம் எடுக்க வேண்டும். சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராஸிங்கில் வழிவிட வேண்டியவரும் ஓட்டுநரே. 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் 32,825. நொறுங்கிப்போன எலும்புகளை நாள்தோறும் ஒட்டவைத்துச் சலித்தோ என்னவோ, கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான், நடைபாதை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கு விதிகள் வகுக்க மாநிலங்களுக்கு ஆறு மாதம் கெடு கொடுத்தது. ஒரு டாக்டர் போட்ட வழக்கு பதின்மூன்று ஆண்டு நடந்திருக்கிறது, நடைபாதைக்காக.

மழைக்காலம் வந்தால் இந்தப் பக்கம் கணக்கெல்லாம் மாறும். முடிச்சூரில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஜனங்கள் ஓரத்தை விட்டு நடுரோட்டில் நடப்பார்கள். கொழுப்பு இல்லை, ஓரத்தில் எங்கே கால்வாய் மூடி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். பின்னால் ஊர்ந்து போவதுதான் ஒரே வழி. ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் அடிபட்டுவிட்டால்? அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை. உடனே 108. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் தயங்கி நிற்பவர்களுக்கு: உதவி செய்தவர் பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று இப்போது யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019 சட்டத் திருத்தம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதும் இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், அரசோ தனியாரோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டை வேண்டாம். எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை.

குரோம்பேட்டையில் பாட்டி இப்போது மூன்றாவது லேனில் இருக்கிறார். ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தைக் குறைத்து நிற்கிறது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிறான். ஆட்டோக்காரர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, பொறு என்பதுபோல் கீழே அசைக்கிறார்.

"நிதானமா போங்கம்மா."

பாட்டி நிதானமாகவே போகிறார். வேறு வேகம் அவரிடம் இல்லை.