தஞ்சை அரண்மனையில் கிடக்கும் 92 அடி எலும்புக்கூடு: அது எந்தத் திமிங்கலம்?

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனவர்கள் ஆயுத கோபுரத்தில் இருக்கும் அந்த எலும்புக்கூட்டை மறந்திருக்க மாட்டார்கள். 1955-ல் தரங்கம்பாடி கரையில் ஒதுங்கிய திமிங்கலம். நீளம் 92 அடி என்பார்கள். செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அது எந்தத் திமிங்கலம்னு கேட்கத் தோன்றாது.

வெறுமனே 'திமிங்கலம்' என்பது வெறுமனே 'நெல்' என்பது மாதிரி. பொன்னியா, சீரகச் சம்பாவா, மாப்பிள்ளைச் சம்பாவா என்று தெரியாமல் டெல்டாவில் யாரும் விலை பேச மாட்டார்கள்.

இந்தக் குழப்பம் செய்திகளிலும் உண்டு. 'திமிங்கல வாந்தி' கடத்தல், கைது என்று அடிக்கடி படிக்கிறோம். அம்பர்கிரிஸ் எனப்படும் அந்தப் பொருள் உண்மையில் குடலில் உருவாவது. அதுவும் ஸ்பெர்ம் திமிங்கலம் என்ற பல் உள்ள இனத்தின் குடலில். இந்தியாவில் அதை வைத்திருந்தாலே குற்றம். அரண்மனை எலும்புக்கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் ஆண்களே 60 அடி அளவில் நின்றுவிடும்.

பல் இல்லாத பூதம்

அதைத் தாண்டி வளர்பவை பலீன் திமிங்கலங்கள். இவற்றுக்குப் பல் கிடையாது. மேல் தாடையில் இருந்து வரிசையாகத் தகடுகள் தொங்கும். நம் நகமும் முடியும் எந்தக் கெரட்டினால் ஆனவையோ, அதே கெரட்டின்தான். உள்பக்க ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கும். வாயைப் பிளந்துகொண்டு பாயும்போது தொண்டையின் மடிப்புகள் பலூன் போல விரியும். தண்ணீரும் இரையும் மொத்தமாக உள்ளே வரும். பிறகு நாக்கால் தள்ளினால் தண்ணீர் வெளியேறிவிடும், இரை தகட்டில் தங்கும். சல்லடைதான், வேறொன்றும் இல்லை. உலகத்திலேயே பெரிய விலங்கு சாப்பிடுவது விரல் நீளம்கூட இல்லாத உயிரிகளை!

தொண்டை மடிப்பு உள்ள இந்தக் குடும்பத்தில்தான் நீலத் திமிங்கலம், ஃபின், பிரைடு, ஓமுரா எல்லாம் வருகின்றன. ஓமுராவைத் தனி இனம் என்று அறிவியல் ஏற்றதே 2003-ல்தான். இந்தியக் கரைகளில் அடிக்கடி ஒதுங்கும் பிரைடு திமிங்கலம் 50 அடியைத் தாண்டுவது அபூர்வம்.

ஆக, 92 அடி என்றால் நீலத் திமிங்கலம் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் சிக்கல். வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலம் ஒரு தனித் துணை இனம். 'இண்டிகா' என்ற பெயரை 1859-லேயே வைத்தவர் கல்கத்தாவில் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பிளைத். இது அண்டார்டிக் உறவினரைவிடச் சிறியது, சுமார் 80 அடி. அப்படியானால் 92 அடி? உடலை வளைவோடு அளந்திருக்கலாம், எலும்புகளை இடைவெளி விட்டுக் கோத்திருக்கலாம். நீளத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மண்டை ஓட்டின் வடிவம் சொல்லும். முதுகெலும்புக் கணக்கும் உதவும்: நீலத் திமிங்கலத்துக்கு 63-க்கு மேல், பிரைடுக்கு சுமார் 55.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். இந்தக் கடலின் நீலத் திமிங்கலங்கள் மற்றவை போலத் துருவக் கடலுக்குப் போவதில்லை. ஆண்டு முழுக்க வெப்பக் கடலிலேயே இருக்கின்றன. இலங்கைப் பக்கம் பெரும்பாலும் ஒரு வகைச் சிறு இறாலைத் தின்கின்றன. 1960-களில் சோவியத் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் திருட்டுத்தனமாக இவற்றை வேட்டையாடின. இன்றைய ஆபத்து சரக்குக் கப்பல்கள். இலங்கையின் தென்முனையை ஒட்டிய கடல்வழி, இவை இரை தேடும் இடத்தின் வழியாகவே போகிறது. 2022-ல் எம்எஸ்சி நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்றவர்களையும் தள்ளிப் போகச் சொல்ல வேண்டுமானால், அங்கே சாவது எந்த இனம், எத்தனை மிச்சம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் பழைய எலும்புகளும் சாட்சி. துளையிட்டு எடுக்கும் கொஞ்சம் எலும்புத் தூளில் இருந்தே டிஎன்ஏ கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால், தரங்கம்பாடியில் 1955-ல் ஒதுங்கியது இலங்கைக் கடலில் இன்று நீந்துகிறவற்றின் சொந்தமா என்பதும் தெரிந்துவிடும்.