சிறு பொதிகளுக்கான தீர்வை விலக்கு நீங்குகிறது: சுமை யார் தலையில்?

வெளிநாடுகளிலிருந்து அஞ்சலிலும் கூரியரிலும் வரும் குறைந்த மதிப்புள்ள பொதிகளுக்கு மேற்கத்திய நாடுகள் பல ஆண்டுகளாக அளித்துவந்த சுங்கத்தீர்வை விலக்கு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா 2025ஆம் ஆண்டிலேயே அதனை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் நீக்குவதென முடிவெடுத்துள்ளன.

சீனாவின் பெரும் இணைய விற்பனை நிறுவனங்களைக் கருத்தில் கொண்டே இந்த முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆனால் கவரிங் நகை, நடன அணிகலன், கண்ணாடி வளையல், கூந்தல் அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றைச் சிறிய அளவில் தருவித்து விற்கும் கடைக்காரர்களும் இதே விதிகளுக்குள் வருகின்றனர். லண்டனின் ஈஸ்ட்ஹாம், பாரிஸின் லா ஷப்பல், டொரொண்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் தமிழர்கள் நடத்தும் கடைகளும், வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்கும் பெண்களும் இவர்களில் அடங்குவர்.

புதிய நடைமுறையில் தீர்வையின் விகிதத்தைவிட, ஒவ்வொரு பொதிக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக ஏற்படும் நிலையான செலவே இவர்களுக்குப் பெரும் சிக்கலாக உருவாகியுள்ளது.

சரக்கு வரும் வழி

இத்தகைய அணிகலன்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. ஒன்று, சீனாவின் ஷெஜியாங் மாகாணத்திலுள்ள யிவூ நகரம். கோழி இறகுக்குச் சர்க்கரை கொடுத்து ஊர் ஊராகத் திரிந்த நாடோடி வணிகர்களின் ஊர் இது. 1982இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அதன் சந்தை, இன்று சுமார் 75 ஆயிரம் கடைகளைக் கொண்ட மொத்த விற்பனை வளாகமாக வளர்ந்துள்ளது. காதணி, தலைமுடிக் கவ்வி, மணிமாலை ஆகியவற்றுக்கென்றே அங்கு தனிப் பகுதிகள் உள்ளன.

யிவூவில் விலை குறைவு. ஆனால் ஒரு வடிவத்தில் இத்தனை டஜன் அல்லது இத்தனை பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு உண்டு. எனவே பல கடைகளில் சிறிது சிறிதாக வாங்கி, தரகர் ஒருவரின் கிடங்கில் சேர்த்து, பிறருடைய சரக்கோடு ஒரே கொள்கலனில் ஏற்றி அனுப்புவது சிறுவணிகர்களின் வழக்கம்.

மற்றொரு வழி இந்தியா. மும்பையும் குஜராத்தின் ராஜ்கோட்டும் கவரிங் நகைத் தயாரிப்பின் பெரும் மையங்கள். ஜெய்ப்பூரில் அரக்கு வளையலும், பிரோசாபாத்தில் கண்ணாடி வளையலும், ஆந்திராவின் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடியில் தங்கமுலாம் நகைகளும் உற்பத்தியாகின்றன. தமிழகத்தில் சிதம்பரம் கவரிங் நகைக்கும், நாகர்கோவிலின் வடசேரி கோயில் நகைக்கும் பெயர்பெற்றவை. வடசேரியின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தேவைப்படும் அணிகளை ஆயிரக்கணக்கில் எவரும் வாங்குவதில்லை. வெளிநாட்டிலுள்ள ஒரு கடைக்காரர் ஒரு முறைக்குப் பத்து அல்லது இருபது தொகுதிகளைத் தருவிப்பார். அளவும் கல்லின் நிறமும் வாடிக்கையாளருக்கு ஏற்ப மாறும். சிறு பொதி விலக்கு பெரிதும் பயன்பட்டது இத்தகைய வணிகத்துக்குத்தான்.

விலக்கு நீங்கியது ஏன்?

அமெரிக்காவில் தீர்வையின்றி அனுமதிக்கப்படும் பொதியின் மதிப்பு 2016இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் வந்த பெருக்கத்தை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. 2024 நிதியாண்டில் மட்டும் சுமார் 136 கோடி பொதிகள் இந்த விலக்கின் கீழ் அமெரிக்காவுக்குள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோவுக்குக் குறைவான பொதிகளின் எண்ணிக்கை அதே ஆண்டில் சுமார் 460 கோடியை எட்டியது. அவற்றில் 91 விழுக்காடு சீனாவிலிருந்து வந்தவை.

இவ்வளவு பொதிகளைச் சுங்க அதிகாரிகளால் சோதிக்க இயலாது. பாதுகாப்பற்ற பொருட்களும் போதைப்பொருளும் இவற்றுக்கிடையே நுழைவதாக அரசுகள் கூறின. மொத்தமாகத் தருவித்துத் தீர்வை செலுத்தும் உள்ளூர்க் கடைக்காரர், தீர்வையே செலுத்தாத இணைய நிறுவனத்துடன் போட்டியிட வேண்டியிருந்தது. இது நியாயமான குறைபாடு என்பதை மறுப்பதற்கில்லை. கொள்கலனில் சரக்கு எடுக்கும் தமிழ்க் கடைக்காரர்களும் இதே போட்டியால் பாதிக்கப்பட்டவர்களே.

அமெரிக்கா 2025 மே 2 முதல் சீனா, ஹொங்கொங் பொதிகளுக்கும், ஆகஸ்ட் 29 முதல் அனைத்து நாடுகளின் பொதிகளுக்கும் விலக்கை நிறுத்தியது. அஞ்சல் பொதிகளுக்கு மதிப்பின் அடிப்படையில் தீர்வை செலுத்தலாம், அல்லது முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு பொதிக்கு 80 முதல் 200 டாலர் வரை நிலையான தொகை செலுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது.

தீர்வையை யார் வசூலிப்பது, எவ்வாறு செலுத்துவது என்பது தெளிவாகாத நிலையில் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்கான சேவையை நிறுத்திவைத்தன. உலக அஞ்சல் ஒன்றியத்தின் தகவல்படி, 88 அஞ்சல் நிறுவனங்கள் சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவுக்கான அஞ்சல் போக்குவரத்து, ஒரு வாரத்துக்கு முன்பிருந்த அளவோடு ஒப்பிடுகையில் 81 விழுக்காடு சரிந்தது. இந்திய அஞ்சல் துறை நிறுத்திய சேவை அக்டோபர் நடுப்பகுதியில்தான் மீண்டும் தொடங்கியது. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சரக்கு அனுப்பவேண்டிய காலம் அவ்வாறு கழிந்தது.

அமெரிக்கத் தீர்வை விகிதங்கள் பேச்சுவார்த்தைகளுக்கு ஏற்ப மாறக்கூடியவை. ஆனால் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வணிகப் பொதிகளுக்கான விலக்கை 2027 ஜூலை 1 முதல் நிரந்தரமாக நீக்குகிறது.

மூன்று யூரோவின் கணக்கு

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், 150 யூரோவுக்குக் குறைவான பொதிகளில் நுகர்வோருக்கு நேரடியாக விற்கப்படும் பொருட்களுக்கு 2026 ஜூலை 1 முதல் மூன்று யூரோ நிலையான தீர்வை விதிப்பதென்று 2025 டிசம்பரில் முடிவு செய்தன. இது ஒரு பொதிக்கு மூன்று யூரோ அன்று. பொதியிலுள்ள ஒவ்வொரு பொருள் வகைக்கும் மூன்று யூரோ.

கவரிங் நகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழமையான தீர்வை 4 விழுக்காடு. பத்து யூரோ மதிப்புள்ள காதணிக்கு அந்த விகிதத்தில் 40 சென்ட் வரும். நிலையான தீர்வையின்படி அதற்கு மூன்று யூரோ. ஒரே பொதியில் காதணி, தலைமுடிக் கவ்வி, மேல்துண்டு மூன்றும் இருந்தால் ஒன்பது யூரோ. சென்னையிலிருந்து ஜெர்மனியிலுள்ள வாடிக்கையாளருக்குப் பலவகைப் பொருட்களைச் சிறிது சிறிதாக அனுப்பும் விற்பனையாளருக்கு இந்த ஏற்பாடு பாதகமானது. பொருள் மலிவாகவும் வகைகள் அதிகமாகவும் இருக்கும் அளவுக்குச் சுமை கூடும்.

பிரிட்டன், 135 பவுண்டுக்குக் குறைவான பொதிகளுக்கான தீர்வை விலக்கை 2029 மார்ச்சுக்குள் நீக்கப்போவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. சிங்கப்பூர் 2023 முதலும் மலேசியா 2024 முதலும் குறைந்த மதிப்புள்ள இறக்குமதிகளுக்கு விற்பனை சார்ந்த வரியை வசூலிக்கின்றன. கனடாவில் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் பொதிக்கான விலக்கு வெறும் 20 கனடிய டாலர் மட்டுமே. ஆகவே ஸ்கார்பரோ கடைக்காரருக்கு இந்தச் சூழல் புதிதல்ல.

பெரிய நிறுவனங்கள் இதற்குள் தம்மை மாற்றிக்கொண்டுவிட்டன. தெமு நிறுவனம் சீனாவிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்புவதை 2025 மே மாதத்தில் நிறுத்தி, அமெரிக்காவிலுள்ள கிடங்குகளிலிருந்து விற்கத் தொடங்கியது. மொத்தமாக இறக்கி, ஒரே ஆவணத்தில் தீர்வை செலுத்தி, இலட்சக்கணக்கான பொருட்களின் மீது அச்செலவைப் பரப்ப அதனால் முடியும். இருபது ஒட்டியாணம் தருவிப்பவரால் அது முடியாது. சுங்க முகவர் கட்டணமும் ஆவணக் கட்டணமும் அவருடைய இருபது பொருட்களின் மீதே விழுகின்றன.

ஈயமும் நிக்கலும்

இரண்டாவது நிலையான செலவு, பாதுகாப்புச் சோதனை. இதன் தேவையைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2006இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், இலவசமாக வழங்கப்பட்ட கைச்சங்கிலியின் பதக்கத்தை விழுங்கி ஈய நஞ்சினால் உயிரிழந்தான். அந்தப் பதக்கம் ஏறத்தாழ முழுவதும் ஈயத்தால் ஆனது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அமெரிக்கா குழந்தைகளுக்கான பொருட்களில் ஈயத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது.

ஐரோப்பிய விதிகளின்படி நகைகளில் ஈயம் எடையில் 0.05 விழுக்காட்டையும், காட்மியம் 0.01 விழுக்காட்டையும் எட்டக்கூடாது. தோலில் தொடர்ந்து படும் உலோகத்திலிருந்து வெளியாகும் நிக்கலுக்கும் வரம்பு உண்டு. கனடாவில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான நகைகளுக்கென்றே தனி ஒழுங்குவிதிகள் உள்ளன. நடனம் பயிலும் சிறுமியருக்கு விற்கப்படும் அணிகள் இந்த வரம்புக்குள் வரக்கூடும் என்பதைப் பல விற்பனையாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தருவிப்பவரே சட்டத்தின் முன் பொறுப்பாளி. "எனக்கு விற்றவர் ஈயம் இல்லை என்றார்" என்ற விளக்கம் எடுபடாது. ஒரு வடிவத்தைச் சோதிக்க 100 பவுண்டு ஆவதாக வைத்துக்கொண்டால், பத்தாயிரம் காதணி விற்பவருக்கு ஒரு காதணிக்கு ஒரு பென்னிதான் செலவு. இருபது விற்பவருக்கு ஐந்து பவுண்டு.

2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய பொதுப் பொருள் பாதுகாப்பு விதி மற்றொரு நிபந்தனையையும் சேர்த்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருளுடன் இருக்கவேண்டும். இந்த விதி வட அயர்லாந்துக்கும் பொருந்தும். லண்டனிலிருந்து பாரிஸுக்கு அனுப்பும் சிறு விற்பனையாளர், பணம் கொடுத்து அத்தகைய பிரதிநிதி ஒருவரை அமர்த்த வேண்டும் அல்லது அந்தச் சந்தையைக் கைவிட வேண்டும்.

பெயரும் பிறப்பிடமும்

ஆவணத்தில் பொருளை எப்படி வகைப்படுத்துவது என்பதிலும் தடுமாற்றம் ஏற்படுகிறது. சாதாரண உலோகத்தில் முலாம் பூசிய நகை, கவரிங் நகைக்கான 7117 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் வரும். அதே வடிவத்தில் வெள்ளியில் செய்து முலாம் பூசிய கோயில் நகை, விலைமதிப்புள்ள உலோக நகைக்கான 7113இன் கீழ் வரும். 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள வெள்ளி நகையை ஹால்மார்க் முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி பிரிட்டனில் விற்க இயலாது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு நகைகளை ஒரே பெயரில் அனுப்புவது தாமதத்துக்கும் அபராதத்துக்கும் இடமளிக்கும்.

பிறப்பிடமும் முக்கியத்துவம் பெறுகிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய பிரிட்டன் வர்த்தக உடன்பாடு, இந்திய ஏற்றுமதிப் பொருள் வகைகளில் சுமார் 99 விழுக்காட்டுக்குத் தீர்வை நீக்கத்தை வழங்குகிறது. ஆனால் பொருள் இந்தியாவில் தயாரானது என்று காட்டினால்தான் சலுகை கிடைக்கும். சீனாவில் முழுமையாகச் செய்யப்பட்டு மும்பையில் அட்டைப்பெட்டி மட்டும் மாற்றப்பட்ட காதணிக்கு அது பொருந்தாது. வடசேரிக் கைவினைஞரின் பொருளுக்கு இயல்பாகவே பொருந்தும். அதற்கான ஆவணத்தைத் தயாரிக்க அவருக்கு உதவி தேவை.

இனி என்ன?

தனித்தனியே பொதி தருவிக்கும் முறை படிப்படியாகச் சுருங்கும் என்றே எதிர்பார்க்கலாம். அந்த இடத்தை, மொத்தமாக இறக்கி ஆவணம் முடித்துப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலை இறக்குமதியாளர்கள் பிடிப்பார்கள். அவர்களிடம் வாங்கும் கடைக்காரருக்குச் சிக்கல் குறையும். ஆனால் விலை உயரும். அதிகம் விற்காத வடிவங்கள் கிடைக்காமல் போகும்.

இதைத் தவிர்க்க, ஒரே நகரிலுள்ள நான்கைந்து கடைகள் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை கூட்டாகத் தருவிக்கலாம். ஒரே சுங்க ஆவணம், ஒரே சோதனை அறிக்கை என்று செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். குறைந்தபட்ச அளவு என்ற தடையையும் இது தளர்த்தும். ஆனால் ஒரே தெருவில் போட்டியிடும் கடைகள் தத்தம் விற்பனையாளரின் பெயரை மற்றவரிடம் சொல்ல முன்வரவேண்டும். இந்த வணிகத்தில் அதுவே மிகக் கடினமான நிபந்தனை.

அரசுகளுக்கும் இதில் பங்குண்டு. சிறு பட்டறைகள் சார்பாகக் கூட்டாகச் சோதனை நடத்திச் சான்றளிக்கும் ஏற்பாடு தமிழகத்தில் உருவானால், அந்த ஒரே சான்றைப் பல நாட்டு இறக்குமதியாளர்களும் பயன்படுத்த முடியும். அத்தகைய உதவி இல்லாவிட்டால், விதிகளுக்கு உட்பட எளிதான வழி பெருந்தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட பொருளை வாங்குவதாகவே இருக்கும். பெரும் இணைய நிறுவனங்களுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட விதிகள், வெளிநாட்டு அரங்கேற்ற மேடைகளில் வடசேரி நகையின் இடத்தை அச்சுவார்ப்பு நகைக்கு விட்டுக்கொடுக்கச் செய்யக்கூடும்.