தொண்டிற்கும் ஒரு பட்டம்

காக்களூர் தொழிற்பேட்டையின் ஷிப்டு நேரத்திற்கேற்ப வாழும் நம் இல்லங்களில், பிள்ளை பட்டம் பெற்றதும் எழும் முதற் கேள்வி, எந்தக் கம்பெனியில் வேலை என்பதே. மகள் ஒருத்தி சமூகப்பணி படிக்க விரும்பினாலோ, தொண்டு செய்யவும் கல்லூரியா என நகைப்போர் உளர்.

உண்டு. திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் நிறுவிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி எழும்பூரில் இன்றும் நடைபெறுகிறது. முதுகலை ஈராண்டு, வகுப்போடு களப்பணியும் உண்டு. நம் லொயோலாவிலும் ஸ்டெல்லா மாரிஸிலும் இப்படிப்பு இருக்கிறது.

பணத்திற்கு வழி? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பட்டியலினத்தில் இடம்பெறவில்லை. அவ்வநீதி இன்னும் நீங்கவில்லை. ஆயினும் தமிழக அரசு, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்க்கும் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. பெற்றோர் ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் தயங்காது கேட்டறிக.

அரசோடு நின்றுவிடலாமா? அமெரிக்க யூதர், தம் சமூக நிறுவனங்களை நாளை நடத்தவிருக்கும் இளைஞரின் மேற்படிப்பிற்குத் தாமே பொருள் தருகின்றனர். வெக்ஸ்னர் அறக்கட்டளை 1988 முதல் இதனைச் செய்து வருகிறது. நாமோ திருவிழா வாணவேடிக்கைக்குத் தாராளமாய் வரி கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதி ஓர் ஏழை மாணவியின் கட்டணமாகட்டுமே!

படித்தபின் பங்கிலேயே உழைக்கவேண்டுமென எழுதி வாங்கலாமா எனச் சிலர் கேட்பர். வேண்டாம் என்பதே நம் கருத்து. கும்மிடிப்பூண்டியில் வெளிமாநிலத் தொழிலாளரிடையே அவள் பணியாற்றினால் நமக்கென்ன நட்டம்? முதுகலைச் சேர்க்கை கோடையில் தொடங்கிவிடும். பங்குப் பேரவை தவக்காலத்திலேயே இதுபற்றிக் கூடிப் பேசுவது நன்று.