அம்மாவுக்கு நான் மகள், மொழிபெயர்ப்பாளர் அல்ல

வருடம் 1999. எனக்கு 11 வயது. லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு எட்டாம் மாதம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் அன்று பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவோடு நான் போனேன். என் வேலை மொழிபெயர்ப்பது.

அம்மா சொன்னார்: "பிள்ளை நேற்றையில இருந்து அடங்கிப் போய்க் கிடக்கு எண்டு சொல்லு."

"அடங்கு" என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அண்ணாவும் குழப்படி செய்தால் அம்மா அதைத்தான் சொல்லிக் கத்துவார். அடங்கின பிள்ளை நல்ல பிள்ளை. ஆகவே ஆங்கிலத்தில் சொன்னேன்: "பேபி இஸ் வெரி காம்." மருத்துவிச்சி சிரித்தபடி "லவ்லி" என்றார். இதயத் துடிப்பைக் கேட்டார், இருந்தது. பிரஷர் பார்த்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அன்ரியைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போனார். "பிள்ளை அசையவே இல்லை" என்று அன்ரி சரியாகச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் ஒபரேஷன் முடிந்தது. தம்பி ஒன்பது நாள் இன்குபேட்டரில் கிடந்தான். இன்று அவன் என்னைவிட உயரம்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் பகிடியாகத்தான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு சொல்லைப் பிழையாக விளங்கியதால் தம்பியை இழந்திருப்போம். அந்தப் பிழையை 11 வயதுப் பிள்ளை சுமந்திருக்கும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இப்போதும் அந்த வேலையைச் செய்கிறீர்கள். அம்மாவுக்கு, சித்திக்கு, புதிதாக வந்த அண்ணிக்கு. உங்களைப் பார்த்து எல்லோரும் "கெட்டிக்காரப் பிள்ளை" என்கிறார்கள். நான் சொல்வது வேறு: பிரசவ ஆஸ்பத்திரியில் குடும்பத்தை மொழிபெயர்க்க வைப்பது உதவி அல்ல, மோசமான மருத்துவம். அதை நாங்கள் ஏற்றுக்கொள்வதை நிறுத்த வேண்டும்.

முதலில் கணக்கு. பிரிட்டனில் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகான ஆறு வாரங்களிலும் நடக்கும் தாய் மரணங்களை எம்பிரேஸ் என்ற ஆய்வுக் குழு ஒவ்வொன்றாக ஆராய்கிறது. 2020 முதல் 2022 வரை 1,00,000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 13 தாய்மார் இறந்தார்கள். அரிதுதான், யாரும் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் அந்த ஆண்டுகளில் வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் ஆசியப் பெண்கள் இறந்த விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்கெல்லாம் மொழிதான் காரணம் என்று சொல்லவரவில்லை. வறுமை, முன்பே இருந்த நோய்கள், பாகுபாடு என்று பல உண்டு. மொழியும் அதில் ஒன்று, இன்றைக்கே திருத்தக்கூடிய ஒன்று.

ஏன் என்றால் ஆபத்து முதலில் சொல்லாகத்தான் வரும். அந்த மூன்று ஆண்டுகளிலும் தாய்மாரின் உயிரைக் கூடுதலாக எடுத்தது இரத்தக்கட்டி. அதன் அறிகுறிகள் என்ன? ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு வாங்குவது. உயர் இரத்த அழுத்தம் முற்றினால்? தாங்க முடியாத தலையிடி, கண் மங்குவது, விலா எலும்புக்குக் கீழே நோ. "கால் உளையுது" என்பதை "கொஞ்சம் களைப்பாம்" என்று நீங்கள் சொன்னால் டாக்டர் களைப்புக்குத்தான் பதில் சொல்வார்.

2022 மார்ச்சில் ஒக்கென்டன் அறிக்கை வந்தது. ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரிகளில் 1,486 குடும்பங்களுக்கு நடந்ததை ஆராய்ந்தார்கள். நல்ல பராமரிப்புக் கிடைத்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கக்கூடும் என்று அது சொன்னது. தாய்மார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பது அதன் பெரிய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தத் தாய்மாரில் பெரும்பாலானோர் ஆங்கிலம் பேசுபவர்கள். சுத்த ஆங்கிலத்தில் சொன்னவர்களுக்கே இந்த நிலை என்றால், பிள்ளையின் வாய்வழியாகச் சொல்லும் எங்கள் அம்மாவுக்கு என்ன நிலை?

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்.

"சொந்தக்காரர் என்றால் நம்பிக்கை தானே?" கர்ப்பிணிகளிடம் மருத்துவிச்சிமார் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா? அதைக் கணவர் மொழிபெயர்த்தால் என்ன பதில் வரும்? மாமியார் மொழிபெயர்த்தால்? 11 வயது மகள் முன்னால், முன்பு கரு கலைந்ததா என்ற கேள்விக்கு எந்த அம்மா வாய் திறப்பார்? "இரத்தம் படுதோ" என்று கேட்கச் சொன்னபோது நான் வெட்கத்தில் கேள்வியையே விட்டுவிட்டேன். அது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

"அவ்வளவு வருடம் இருந்தும் ஆங்கிலம் படிக்காதது யாருடைய பிழை?" அம்மா பிறகு படித்தார். இப்போது பஸ்ஸில் சண்டையே பிடிப்பார். ஆனால் பிரசவ வலியில் வருவது தாய்மொழிதான். பாஷை பிந்தி வந்ததற்குத் தண்டனையாக யாருடைய பிள்ளையும் சாக வேண்டியதில்லை.

"எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் விளங்காது." இதைச் சொல்பவர்கள் எங்களில்தான் அதிகம். இலங்கையில் 1926-இலேயே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. கிராமத்துக் கர்ப்பிணிகளின் வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தரை எங்கள் அம்மாக்கள் கண்டு வளர்ந்தவர்கள். கிளினிக் கார்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு விளங்கும். அவர்களோடு பேசத்தான் இங்கே ஆளில்லை.

"ஆஸ்பத்திரியில் காசில்லை." விதி ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு, ஆங்கிலம் தெரியாத கர்ப்பிணிக்கு வைக்கும் மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தவராகவோ துணைவராகவோ இருக்கக்கூடாது என்று 2010-இலேயே எழுதிவிட்டது. என்.எச்.எஸ்ஸில் நோயாளிக்கு இது இலவசம். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் போனிலோ வீடியோவிலோ பிடிக்கலாம். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கான செலவு பெரிதா, இன்குபேட்டரில் ஒன்பது நாள் பெரிதா?

பிறகு ஏன் நடக்கவில்லை? என் தொழில் கணினி, அதனால் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். நோயாளியின் பதிவில் "மொழிபெயர்ப்பாளர் தேவையா? ஆம், இல்லை" என்று ஒரு பெட்டி இருக்கும். "ஆம்" என்று ஒருவர் பதிவார். அதற்குப் பிறகு அந்த "ஆம்" யாரையும் எழுப்பாவிட்டால், எந்த முன்பதிவையும் தொடங்காவிட்டால், அந்தப் பெட்டி வெறும் அலங்காரம். விமான டிக்கெட் எடுக்கும்போது பயணியின் பெயர் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அதேபோல, மொழிபெயர்ப்பாளர் பதிவாகாமல் கர்ப்பிணியின் சந்திப்பு உறுதியாகக் கூடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் யார் மொழிபெயர்த்தார் என்று எழுத வேண்டும். "மகள், 11 வயது" என்று எழுத நேர்ந்தால் எழுதுபவருக்கே கை கூசும். அந்தக் கணக்கை ஆஸ்பத்திரிகள் வருடாவருடம் வெளியிட வேண்டும். இது கடினமான தொழில்நுட்பம் இல்லை, செய்ய மனம்தான் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. முதல் சந்திப்புக்கு முன்பே போன் எடுத்துச் சொல்லுங்கள்: "நான் அவருடைய மகள், மொழிபெயர்ப்பாளர் அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும், இலங்கைத் தமிழ் விளங்குபவராக இருந்தால் நல்லது. இதை அவருடைய பதிவில் எழுதுங்கள்." மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் காரணத்தையும் பதியச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிட்டு எழும்பி வராதீர்கள். அம்மாவின் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை.

அவசரம் என்றால் இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் அசைவு குறைந்தால் நாளைவரை பொறுக்காமல் உடனே பிரசவப் பிரிவுக்கு அழையுங்கள். தெரிந்த ஆங்கிலத்தில், அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே போனில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒரு சொல் விளங்காவிட்டால் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லுங்கள். 1999-இல் நான் அதைச் சொல்லவில்லை, யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.