சம்பளமில்லாத லீவு யார் செய்யும் தர்மம்?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியானாலும் சரி, தாலுகா ஆஸ்பத்திரியானாலும் சரி, நோயாளியைச் சேர்க்கும்போதே "கூட இருக்க ஆள் யார்?" என்று கேட்பது வழக்கமாயிருக்கின்றது. மருந்தும் வைத்தியமும் சர்க்கார் கொடுக்கிறது. ஆனால் இரவில் புரட்டிப் படுக்க வைக்கவும், கஞ்சி ஊட்டவும், மலஜலம் எடுக்கவும், ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவும் உறவினரே இருந்தாக வேண்டும். அதாவது ஆஸ்பத்திரி வேலையில் ஒரு பங்கைச் சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள் செய்து வருகிறார்கள். இவர்கள் அம்பாசமுத்திரத்திலும், சேரன்மகாதேவியிலும், முக்கூடலிலும் தங்கள் கூலி வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். போட்டுவிட்டு வந்த கூலி என்னவாயிற்று என்று கேட்பார் யாருமில்லை.

கேட்டால், "அதுதான் சம்பளமில்லாத லீவு கொடுத்திருக்கிறோமே" என்று முதலாளிமார்கள் ஏதோ தர்மம் செய்தவர்களைப்போலப் பதில் சொல்லுகிறார்கள். இந்தத் தர்மத்தைச் சற்று பிரித்துப் பார்ப்போம். வேலை செய்யாத நாளுக்கு முதலாளி கூலி கொடுக்கவில்லை. ஆகவே அவர் கையை விட்டு ஒரு காசும் போகவில்லை. மருந்துச் செலவும் பஸ் செலவும் ஏறியிருக்கும் வேளையில் வரும்படியை இழந்தவன் தொழிலாளி. கொடுத்தவன் அவன், தர்மவான் என்ற பெயர் மட்டும் முதலாளிக்கு! முதலாளி உண்மையில் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது, திரும்பி வரும்போது அந்த வேலை அவனுக்கே இருக்கும் என்ற உறுதி. பெரும்பாலான இடங்களில் அது எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்லில்தான் இருக்கின்றது.

அந்த வாய்ச்சொல்லாவது எத்தனை பேருக்கு உண்டு? 1880-களில் தாமிரபரணி நீர்வீழ்ச்சியின் விசையை நம்பிப் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்த காலந்தொட்டு இந்தப் பள்ளத்தாக்கில் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டு வாழ ஜனங்கள் பழகிவிட்டார்கள். ஆலைத் தொழிலாளிக்காவது சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது. காரிலும் பிசானத்திலும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலியாளுக்குப் பட்டியலே கிடையாது. வீட்டுத் திண்ணையிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்கோ ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தகப்பனார் பக்கத்தில் இருக்கும் நாளெல்லாம் தட்டு காலி. தட்டு காலியானால் கூலியும் காலி. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது. அங்கே வைத்தியம் உண்டு. கூட இருந்து கூலியை இழந்தவளுக்கு வழி ஒன்றும் இல்லை.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு என்றது. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய தொகுப்பு 240-ஐ 180 ஆக்கிற்று. இரண்டிலும் உறவினரின் நோய்க்கென்று ஒரு நாள்கூட இல்லை. அதே 1948-இல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம் நல்ல சட்டம் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. தொழிலாளி தானே நோயில் விழுந்தால் வருஷத்தில் 91 நாள் வரையில் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மனைவி மக்களுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மனைவி படுத்த படுக்கையாய்க் கிடக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சைபர்.

இதனால் நடப்பது என்ன? மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனால், புருஷன் தனக்கு வயிற்றுவலி என்று சர்டிபிகேட்டு வாங்குகிறான். எழுதிக் கொடுக்கும் டாக்டருக்கும் உண்மை தெரியும். வாங்கி வைக்கும் குமாஸ்தாவுக்கும் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து பொய் சொன்னாலொழிய ஒரு மனிதன் தன் வீட்டு நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது என்றால், யோக்கியனைப் பொய்யனாக்குவது அவன் குணமா, விதியா என்று கேட்கின்றோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாய் செத்துப்போனாள், கருமாதி செய்யவேண்டும் என்று லீவு கேட்டால் எந்த மேஸ்திரியும் வாய் திறப்பதில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ஜில்லாவில் பள்ளிக்கூடங்களுக்கும் ஆபீசுகளுக்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கமாயிருக்கின்றது. தேர் வீதி சுற்றுவதைப் பார்க்க ஒரு நாள் உண்டு. செத்தவளுக்குப் பிண்டம் வைக்கவும் நாள் உண்டு. உயிரோடு கிடக்கிறவளைக் காப்பாற்ற மட்டும் நாள் கிடையாது! தாய் எப்போது சாவாள் என்று லீவுக்காகக் காத்திருக்கச் சொல்லுகிறார்களா?

"பெற்றோருக்குச் செய்வது கடமை, அதற்குக் கூலி கேட்கலாமா?" என்று உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் வீட்டில் யார் செய்கிறார்கள் என்று விசாரித்தால், மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, கூலிக்கு வைத்த ஆயாவோ செய்வதாகத் தெரியவரும். கடமை ஆணுக்கு; வேலை பெண்ணுக்கு. வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால் குறைந்த கூலிக்காரி நிற்பதுதான் சிக்கனம் என்கிறார்கள். பெண்ணுக்குக் கூலியைக் குறைத்து வைத்ததும் இவர்களேதான். அவளைப் பெற்ற தாய் படுத்துவிட்டாலோ, முதலில் மாமியாரிடம் லீவு கேட்கவேண்டும், பிறகுதான் மேஸ்திரியிடம்.

லீவு கொடுத்தால் எல்லோரும் உறவினருக்கு நோய் என்று கிளம்பிவிடுவார்கள் என்பது அடுத்த பயம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுப்பதை யாரும் உல்லாசமாகக் கொள்ளுவதில்லை. நோயாளியைச் சேர்த்த சீட்டு ஒன்றே போதிய சாட்சி. மற்ற தேசங்களில் என்ன குடி முழுகிப் போயிற்று? அமெரிக்காவில் 1993-இலேயே, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், பெற்றோர், பிள்ளை, மனைவி அல்லது புருஷனின் கடும் நோய்க்கு 12 வாரம் லீவும், வேலை போகாத உறுதியும் சட்டமாயின. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு ஒரு வாரம். இந்த இரண்டிலும் சம்பளம் கிடையாது. ஆகையால் கையில் சேமிப்புள்ளவனுக்குத்தான் முழுப்பயன். ஜப்பானில் 93 நாள் வரையில், தொழில் இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து சம்பளத்தில் 67 சதவீதம் கொடுக்கிறார்கள். சுவீடனில் உயிருக்கு அபாயமான நோயாளியின் பக்கத்திலிருக்க 100 நாள், ஏறத்தாழ 80 சதவீதம். அங்கெல்லாம் ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே முதலாளியின் இரக்கத்தை நாம் கேட்கவில்லை. 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ. நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதமும், தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டி வருகிறார்கள். அந்த 91 நாளில் ஒரு பகுதியையாவது, தன் நோய்க்குப் பதிலாகத் தன் வீட்டாரின் கடும் நோய்க்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வயிற்றுவலிச் சர்டிபிகேட்டுக்கு வேலை இராது. ஆண்களும் எடுத்துக்கொள்ளும்படி அதை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக எழுதவேண்டும். வேலை போகாது என்பதையும் அதிலேயே எழுதவேண்டும்.

பீடி சுற்றுகிறவளுக்கு மாதச் சம்பளம் இல்லையே, எதைக் கொண்டு கணக்கிடுவது என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களுக்கும் பிராவிடண்டு பண்டு உண்டென்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாகிவிட்டது. பண்டுக்குப் பிடித்தம் செய்ய அவள் கூலியைக் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, லீவுக்குக் கொடுக்கக் கணக்கிடுவதும் தெரியும்.